அழித்தும் போகாத குரல்

அந்த வீட்டு மாமியாரும் மருமகளும் ஒரே கூரைக்கடியில் இருந்துகொண்டு போனில் செய்தி அனுப்பிப் பேசிக்கொள்வதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த வாரம்தான் வந்து சேர்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: சண்டை எதுவும் இல்லை. சண்டை போடவும் குரல் வேண்டும் அல்லவா?

மாமியார் படகுத்துறையில் அறிவிப்பாளர். எந்தப் படகு எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்கிற வேலை. ஊரில் பலருக்கு அவர் முகம் தெரியாது. குரல் தெரியாதவர் கிடையாது.

அந்தத் தொண்டையில் ஒரு சின்னக் கட்டி இருப்பதை முதலில் கவனித்தவள் மருமகள். பயந்து பின்வாங்கியவரை விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவளும் அவளேதான். கட்டி போயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் கூடவே குரலும் போய்விட்டது. குரலை அசைக்கிற நரம்பு அசந்திருக்கிறது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். இப்படி நேரலாம் என்று அவர் முன்பே சொல்லித்தான் இருந்தார்.

முதல் சில வாரங்கள் பேசக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. உத்தரவு முடிந்து நாளாகியும் மாமியார் வாய் திறக்கவில்லை. மகனுக்குத் தலையசைப்பு. மருமகளுக்குச் செய்தி. ‘அடுப்பை அணைத்துவிட்டேன்.’ ‘மழை வரும் போலிருக்கிறது, குடை எடுத்துக்கொள்.’ பக்கத்து அறையிலிருந்து டிங்கென்று வந்து விழும்.

‘அத்தைக்கு என் மேலதான் கோபம்’ என்று மருமகள் முடிவு கட்டிவிட்டாள். காலையும் மாலையும் மாமியார் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் வெளியே வராமல் இருப்பதும் அவளுக்குத் தெரியும். உள்ளே அழுகிறார், சத்தம் கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்து வைக்கிறார் என்று அவளாக நினைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்று தானும் கொஞ்சம் அழுதுவிட்டு வேலைக்குப் போவாள்.

அன்று அவளுக்கு வார விடுமுறை. காலையிலேயே டிங்.

‘போனில் இடம் இல்லை என்று வருகிறது. கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா? அவசரம்.’

செய்தியைப் படித்து நிமிர்வதற்குள் மாமியாரே எதிரே வந்து நின்றார். போனை மேசைமேல் வைத்தார். வைத்த கை உடனே எடுக்க மனசில்லாமல் ஒரு கணம் அதன்மேலேயே இருந்தது. பிறகு விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

‘அத்தை முகமே சரியில்லையே’ என்று நினைத்துக்கொண்டே மருமகள் போனை எடுத்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைச் சட்டத்துக்குள் உட்காருகிற மாதிரி தேய்த்துக் கொடுப்பவள் அவள். அவசரப்பட்டால் லென்ஸ் பாழ் என்று பழகிய கை. எதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி.

போனின் அமைப்புகளுக்குள் போய் எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தாள். வண்ண வண்ணமாக ஒரு பட்டை. அதில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே நிறம். பக்கத்தில் ‘படங்கள்’ என்று போட்டிருந்தது.

சரி, அத்தை எக்கச்சக்கமாகப் படம் எடுத்துத் தள்ளியிருக்கிறார் போல என்று படங்களைத் திறந்தாள். எண்ணி முடித்துவிடலாம் போல இருந்தது. மின் மீட்டரின் எண், மாத்திரை அட்டையின் பின்பக்கம், மகன் கல்யாணத்தில் எடுத்தது, படகுத்துறையில் மேகம் கவிந்த ஒரு சாயங்காலம், கைதவறி எடுத்த தன் கால் கட்டைவிரல். அவ்வளவுதான். இது எப்படி முக்கால் போனை விழுங்கும்?

புருஷனுக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, வேலையா?”

“லிஃப்ட் கூரை மேல உக்காந்திருக்கேன். சொல்லு.”

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்த உயரக் கட்டடத்தில் லிஃப்ட் அடம் பிடித்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

“அத்தை போன்ல இடமே இல்லையாம். படம்தான் அடைச்சுக்கிட்டிருக்குன்னு காட்டுது. உள்ள போய்ப் பாத்தா படமே இல்லை.”

“அணைச்சுப் போட்டுப் பாத்தியா?”

“நீங்க எல்லாத்துக்கும் அதையேதான் சொல்வீங்க.”

“லிஃப்ட்டுக்கு வேலை செய்யுதே!”

அணைத்துப் போட்டாள். பட்டை அசையவில்லை.

“வாட்ஸ்அப்ல வர்ற காலை வணக்கமெல்லாம் தானா இறங்கிச் சேரும். அதைப் பாரு” என்றான் அவன்.

பார்த்தாள். பூவும் சூரியனுமாகக் கொஞ்சம் இருந்தன. இனிமேல் தானாக இறங்காதபடி மாற்றிவிட்டு, இருந்ததையும் துடைத்தாள். யானைமேல் உட்கார்ந்த கொசுவை விரட்டின மாதிரி இருந்தது. பட்டை அப்படியே நின்றது.

“இன்னொண்ணு தோணுது. அம்மாவுக்கு அந்தப் போனை முதல்ல என் கணக்கைப் போட்டுத்தானே குடுத்தேன்? என் படமெல்லாம் அங்க போய் இறங்குதோ என்னவோ?”

“உங்க படமெல்லாம் லிஃப்ட் மோட்டாரும் கம்பியும்தானே. ஒண்ணு கூட இங்க இல்லை. கணக்கும் அத்தை பேர்லதான் இருக்கு.”

“மறைச்சு வைக்கிற பகுதின்னு ஒண்ணு இருக்கும்...”

“பாத்துட்டேன். காலி.”

“அப்ப எனக்குத் தெரியலைம்மா. மேல இருந்து கூப்பிடறாங்க, வச்சிடறேன்.”

மருமகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். படங்களுக்கு நடுவில், கைப்பைக்குள் தானாக ஓடிப் பதிவான வீடியோ ஒன்று இருந்தது. வெறும் இருட்டும் துணி உரசும் சத்தமும். இது யாருக்கும் வேண்டாம், அழித்தால் எவ்வளவு குறைகிறதென்று பார்ப்போம் என்று அழித்தாள். திரும்பப் போய்ப் பட்டையைப் பார்த்தாள்.

துளியும் குறையவில்லை.

அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. அழித்தது அழியவில்லை என்றால் எங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது. அவள் கடையில் உடைந்த லென்ஸை மேசைக்குக் கீழே ஒரு தொட்டியில் தள்ளுவார்கள். மேசை பளிச்சென்று இருக்கும். தொட்டியைக் கொண்டுபோய்க் கொட்டுகிற வரைக்கும் அறையில் பாரம் குறைந்ததாக அர்த்தமில்லை.

படங்களின் அடிமட்டத்துக்குத் தள்ளிக்கொண்டே போனாள். கண்ணில் படாத மூலையில் ஒரு பெட்டி: ‘சமீபத்தில் அழித்தவை.’ ஒரு மாதம் வரைக்கும் இங்கே இருக்கும், அதற்கப்புறம்தான் நிரந்தரமாகப் போகும் என்று பொடி எழுத்தில் சொல்லியிருந்தது.

திறந்தாள்.

திரை நிறைய ஒரே முகம். மேலிருந்து கீழ்வரை, தள்ளத் தள்ள, மாமியாரின் முகம். பின்னால் குளியலறையின் வெளிர்நீல ஓடு. எல்லாமே வீடியோ. எல்லாமே போன் எடுக்கக்கூடிய மிக உயர்ந்த தரத்தில். ஒன்றொன்றும் பெரும் பெரும் பாறையாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

காரணம் தெரிந்துவிட்டது. ‘எல்லாவற்றையும் அழி’ என்று கீழேயே பொத்தானும் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் வேலை முடிந்தது.

விரல் போகவில்லை. பிறர் அழித்ததை எடுத்துப் பார்ப்பது அழகில்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கதவுக்கு வெளியே நின்று அத்தனை நாள் அழுதவள் அவள். அந்தக் கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்பது இப்போது அவள் உள்ளங்கையில் இருந்தது.

இருப்பதிலேயே பழையதைத் தொட்டாள்.

குழாய்த் தண்ணீர்ச் சத்தம். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. திரும்ப முயன்றார். காற்று. கழுத்து நரம்பு புடைக்க மூன்றாவது முறை முயன்றபோது, துருப்பிடித்த கீல் போல ஒரு கீறல் சத்தம் வந்தது. உடனே தோளைத் தட்டித் தானே கீழே இறக்கிக்கொண்டார். தோளைத் தூக்கினால் தொண்டை இறுகும் என்று பேச்சுப் பயிற்சி தருபவர் சொல்லியிருந்தது மருமகளுக்கு நினைவு வந்தது. அந்தப் பயிற்சிக்கு மாமியாருக்குத் துணையாக ஒரே ஒரு முறை போனது அவள்தான். அப்புறம் மாமியார் போகவே இல்லை என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

அடுத்ததைத் தொட்டாள். அதற்கடுத்ததை. ஒன்றில் “ம்ம்ம்” என்ற முனகல் அறுந்து அறுந்து வந்தது. ஒன்றில் “பயணிகள்” என்ற சொல்லில் ‘ப’ மட்டும் வந்து மற்றதெல்லாம் காற்றோடு போனது. ஒன்றில் குரல் திடீரென்று கீச்சென்று எகிற, மாமியாருக்கே சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இன்னொன்றில் கோபம் வந்து போனைப் படாரென்று கவிழ்த்தார். திரை இருண்டது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போனை நிமிர்த்தி வைத்து, மூக்கைச் சிந்திவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பதிவு செய்வது, பார்ப்பது, எங்கே தவறு என்று கண்டுபிடிப்பது, அழிப்பது, மறுபடி பதிவு செய்வது. ஒரு நாள் கூட விடவில்லை. கீழே வர வர, “பயணிகள் கவனத்திற்கு” முழுதாகக் காதில் விழுந்தது. பழைய வெண்கலக் குரலாக அது இல்லை. ஒரு படி தாழ்ந்து, கொஞ்சம் மணல் கலந்த மாதிரி இருந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கழுவி வைத்தது போலத் தெளிவு.

நடுவில் ஒன்று வேறுமாதிரி இருந்தது. அதில் படகும் இல்லை, மேடையும் இல்லை. மாமியார் திரையைப் பார்த்து, வெட்கத்தோடு,

“வந்துட்டியாம்மா?” என்றார். உடைந்தது. தலையை ஆட்டிக்கொண்டார்.

“வந்துட்டியாம்மா? களைப்பா இருக்கியே. சாப்பிட்டியா?”

‘சாப்பிட்டியா’ உடைந்தது. திரும்பச் சொன்னார். திரும்பத் திரும்ப. கடையிலிருந்து சாயங்காலம் களைத்து வருகிற ஒருத்தியிடம் கேட்பதற்காக, ஒரு சாதாரண வார்த்தையை, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி.

மருமகளுக்குத் திரை மங்கியது. புறங்கையால் கண்ணைத் துடைத்தபோது, போனின் தலைப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது. படகுத்துறை மேலாளர் அனுப்பியது.

‘உங்கள் குரல் பதிவு இன்னும் வரவில்லையே அம்மா? மதியத்துக்குள் தலைமை அலுவலகத்துக்குப் போகவில்லை என்றால் உங்கள் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். என்னால் தடுக்க முடியாது.’

அறைக்கதவு திறந்திருந்தது. நிலைப்படியில் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ? மருமகள் பதறி எழுந்தாள்.

“அத்தை, மன்னிச்சிடுங்க. பாக்கக் கூடாதுதான்...”

மாமியாரின் முகம் வெளுத்திருந்தது. கை வழக்கம் போலப் போனைத் தேடியது. போன் மருமகளிடம் இருந்தது. வேறு வழியில்லை. மூச்சை உள்ளே இழுத்து, தோளைத் தளர்த்தி,

“எல்லாத்தையும் பாத்துட்டியா?” என்றார்.

அந்தக் குரல் நேரடியாகக் காதில் விழுந்தபோது மருமகளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“அத்தை... என்கிட்ட பேசிட்டீங்க!”

“பேசறது என்ன, கரகரன்னு கல்லு அரைக்கற மாதிரி.”

“ஏன் அத்தை இவ்வளவு நாளா மறைச்சீங்க? உங்களுக்கு என் மேல கோபம்னு நான்...”

“உன் மேலயா?” மாமியார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார். “உசுரைக் காப்பாத்திக் குடுத்திருக்கே. அந்தக் கிழிஞ்ச சத்தத்தை நீ கேட்டா, ‘என்னாலதானே’ன்னு உருகிப் போயிடுவே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? அதான், கேக்கற மாதிரி வந்ததும் முதல்ல உன்கிட்ட பேசிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் பாத்தா, நாளாக நாளாக உன் முன்னாடி வாயைத் திறக்கவே பயமாப் போச்சு. மைக் முன்னாடி கூட நான் அப்படி நடுங்கினதில்லை.”

மருமகள் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“செய்தி வந்திருக்கு அத்தை” என்றாள். “மதியத்துக்குள்ள அனுப்பணுமாம்.”

“அதுக்குத்தானே காலையில இருந்து தவிக்கறேன். திரும்ப வேலைக்குச் சேத்துக்க, மூணு அறிவிப்பை ஆபீஸ்ல குடுத்த ஆப்லயே பேசிப் பதிவு பண்ணணுமாம். வெட்டி ஒட்டாம ஒரே பதிவா இருக்கணும்னு. திறந்தாலே இடம் இல்லைன்னு மூடிக்குது. வேற போன்ல இருந்து போட்டா ஏத்துக்காது.”

கடிகாரத்தைப் பார்த்தாள் மருமகள். அழுவதற்கு நேரமில்லை.

“காரணம் கண்டுபிடிச்சாச்சு அத்தை. நீங்க அழிச்சதெல்லாம் ஒரு மாசம் உள்ளேயே கிடக்கும். இதைக் காலி பண்ணினா போதும்.” கொஞ்சம் தயங்கினாள். “ஆனா காலி பண்ணினா திரும்ப வராது. எல்லாத்தையும் வேற இடத்துக்கு மாத்தி வைக்க இப்ப நேரம் பத்தாது. அந்த ஒண்ணை மட்டுமாவது வச்சுக்கட்டுமா?”

“எந்த ஒண்ணு?”

“வந்துட்டியாம்மா, சாப்பிட்டியான்னு...”

மாமியாரின் காது மடல் சிவந்தது.

“அதை எதுக்குப் பெட்டியில வச்சுக்கறே? நேர்லயே கேக்கறேன். காலையில இருந்து போனும் கையுமா உக்காந்திருக்கியே, சாப்பிட்டியா?”

‘சாப்பிட்டியா’ உடையவில்லை.

“இல்லை அத்தை” என்று சிரித்து அழுதாள் மருமகள்.

“எனக்குத் தெரியும். எல்லாத்தையும் அழி. இதை முடிச்சிட்டு ரெண்டு பேரும் சேந்து சாப்பிடுவோம்.”

அத்தனை நாள் உழைப்பையும் ஒரே தட்டில் துடைக்கச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? மருமகளுக்கு வராது. அவளாக இருந்தால் ஒவ்வொன்றையும் பொட்டலம் கட்டி வைத்திருப்பாள். மாமியாரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் கண் போனில் இல்லை. எழுந்து சுவரோரம் நின்று, அறிவிப்பை வாய்க்குள் சொல்லிப் பார்க்க ஆரம்பித்திருந்தார். தட்டினாள்.

பெட்டி காலியாயிற்று. அமைப்புகளில் பட்டையைப் பார்த்தாள். அப்போதும் நிரம்பியே நின்றது! புருஷன் சொன்னது நினைவுக்கு வர, அணைத்துப் போட்டாள். போன் விழித்துக்கொள்ள ஆடி அசைந்து நேரம் எடுத்தது. இந்த முறை பட்டை சர்ரென்று சுருங்கி, பெரிய வெற்றிடம் தெரிந்தது.

“வந்திருச்சு அத்தை! வாங்க!”

மாமியார் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். முதுகை நிமிர்த்தி, தோளை இறக்கி, போனைப் பார்த்தார். அந்த நொடியில் சமையலறை மேசை கண்ணாடிக் கூண்டாக மாறிவிட்டது போல இருந்தது மருமகளுக்கு.

மூன்று அறிவிப்புகள். ஒன்று புறப்பாடு, ஒன்று தாமதம், ஒன்று காணாமல் போன குழந்தையைப் பற்றி. மூன்றாவதில் ‘குழந்தை’ என்ற சொல்லின் நடுவே குரல் ஓர் இழை அறுந்தது. மாமியார் பதறவில்லை. மூச்சு விட்டு, அந்தச் சொல்லை மறுபடி சொல்லி, அதே நிதானத்தில் முடித்தார்.

“இன்னொரு தடவை எடுக்கலாம் அத்தை. நேரம் இருக்கு” என்றாள் மருமகள்.

“வேண்டாம். அனுப்பு.”

“நடுவுல கொஞ்சம் அறுந்துதே?”

“அறுந்ததும் நான்தான், ஒட்டினதும் நான்தான். ரெண்டையும் கேட்டுட்டு வேணும்னா வேணும்னு சொல்லட்டும். மைக் முன்னாடி மறுபடி எடுக்க முடியுமா?”

அனுப்பினாள்.

பதில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது வந்தது. எழுத்தாக வரவில்லை, மேலாளரே கூப்பிட்டார். தலைமை அலுவலகத்தில் கேட்டார்களாம். இரண்டு மனசாக இருக்கிறார்களாம். சாயங்காலப் படகுக்கு வந்து நேரில் பேசட்டும், கூட்டத்துக்குப் புரிகிறதா என்று பார்த்துவிட்டு மேலாளரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்களாம்.

“நானும் வர்றேன்” என்றாள் மருமகள்.

“வராம? கூண்டுக்குள்ள போனைக் கொண்டுபோக விடமாட்டாங்க. யார் வச்சுக்கறது?”

சாயங்காலப் படகுத்துறை என்றால் ஒரே இரைச்சல். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள், சக்கரப் பெட்டியை உருட்டுகிறவர்கள், தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டவர்கள். இரண்டாம் மேடையின் வாசலில் பெரிய வரிசை நின்றது. மருமகள் தூணோரமாக நின்று புருஷனைப் போனில் பிடித்தாள். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

“என்னது? அம்மாவா? பேசறாங்களா? சும்மா சொல்லாதே.”

“பேசாம இருங்க. இப்ப கேக்கும்.” போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் மாமியார் மைக்கைத் தன் பக்கம் இழுப்பது தெரிந்தது. எழுதிக் கொடுத்த தாள் எதிரே இருந்தது. அவர் வாயைத் திறக்கிற சமயத்தில் ஓர் ஊழியர் ஓடிவந்து மேலாளர் காதில் ஏதோ சொன்னார். மேலாளர் கூண்டுக்குள் குனிந்தார். காற்று திரும்பிவிட்டது. படகு இரண்டாம் மேடையில் ஒதுங்க முடியாது, மறு கோடியில் உள்ள ஐந்தாம் மேடைக்குப் போகிறது. இத்தனை பேரையும் முட்டி மோதாமல் அங்கே திருப்ப வேண்டும்.

தாளில் அது இல்லை. மாமியார் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“பயணிகள் கவனத்திற்கு.”

தாழ்ந்த, மணல் கலந்த குரல் கூரை முழுவதும் பரவியது. வரிசையில் ஒருவர் பேச்சை நிறுத்தி மேலே பார்த்தார்.

“இரண்டாம் மேடையில் நிற்பவர்கள் அவசரப்பட வேண்டாம். உங்கள் படகு உங்களை விட்டுப் போகாது. காற்றின் காரணமாக அது ஐ...”

அறுந்தது.

ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு கேட்டது. நிதானமான, நீளமான மூச்சு.

“ஐந்தாம் மேடைக்கு வருகிறது. ஐந்தாம் மேடை. குழந்தைகளோடு இருப்பவர்கள் முதலில் நடக்கட்டும். மற்றவர்கள் அவர்கள் பின்னால் செல்லுங்கள். எல்லோரும் ஏறிய பிறகே படகு புறப்படும்.”

இரைச்சல் அடங்கியிருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டவர் முதலில் திரும்பினார். அவருக்கு வழிவிட்டு இன்னொருவர் ஒதுங்கினார். பெரிய வரிசை தலையும் வாலும் மாறி, தள்ளுமுள்ளு இல்லாமல், மறு கோடியை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

“அந்த அம்மா திரும்பி வந்துட்டாங்க போல” என்றாள் பத்திரிகைக் கடைக்காரி, பக்கத்தில் நின்றவரிடம். “நடுவுல ஒருத்தர் பேசினாரே, எந்தப் படகுன்னு அவருக்கே தெரியாது.”

“குரல் மாறின மாதிரி இருக்கே?”

“மாறினா என்ன? சொன்னா கால் தானா நடக்குதே!”

மருமகள் போனைக் காதுக்குக் கொண்டுவந்தாள்.

“என்னங்க? கேட்டுச்சா? இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்றான் அவன். குரல் ஒரு மாதிரி இருந்தது. “லிஃப்ட் நின்னுடுச்சு.”

“ஐயையோ, என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகலை. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். அம்மா பேசி முடிக்கட்டும்னு.”

படகு நிறைந்து புறப்பட்ட பிறகு மாமியார் கூண்டிலிருந்து வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. மேலாளர் பின்னாலேயே வந்தார். பொதுவாக நாலு வார்த்தைக்குக் குறையாமல் அறிவுரை சொல்கிற மனிதர். அன்று, “திங்கட்கிழமை வந்துடுங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

மருமகள் மாமியாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தன. உள்ளே எவ்வளவு நடுங்கியிருப்பார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த நடுக்கத்தில் ஒரு துளி கூட வெளியே வராமல் பார்த்துக்கொண்ட மனுஷியை என்ன சொல்லிப் பாராட்டுவது? எதுவும் பொருத்தமாகத் தோன்றவில்லை.

“தண்ணி குடிங்க அத்தை” என்றாள்.

மாமியார் குடித்தார். நீரைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு கையை நீட்டினார்.

“போனைக் குடு.”

செய்தி எழுதப்போகிறார் என்று நினைத்தாள். அவர் எழுதவில்லை. பெயர்களை மெதுவாகத் தள்ளிக்கொண்டே போய் ஒன்றில் நிறுத்தினார். எட்டிப் பார்த்த மருமகள் திடுக்கிட்டாள். ‘சின்னவள்.’

அவள் புருஷனின் தங்கை. தன் இஷ்டப்படி வேலையும் வாழ்க்கையும் தேடிக்கொண்டு, தாயோடு பெரிய வாக்குவாதம் செய்து வீட்டை விட்டுப் போனவள். மருமகள் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. அதன் பிறகு அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. அறுவை சிகிச்சை நடந்ததைக் கூட அவளுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று சொன்னவர் மாமியார்தான்.

“அத்தை, இப்பவா?”

“அவ போகும்போது நான் பேசின பேச்சு அப்படி. நல்ல குரல் இருந்த காலத்துல கத்தத்தான் தெரிஞ்சுது எனக்கு” என்றார் மாமியார். “கத்த முடியாத குரல் இது. இதுல பேசிப் பாக்கறேன்.”

பொத்தானைத் தொட்டுக் காதில் வைத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்ட போது, மணி நின்றது.

மறுமுனையில் யாரோ எடுத்துவிட்டார்கள். பேச்சு இல்லை. மூச்சு மட்டும்.

மாமியார் தோளைத் தளர்த்திக்கொண்டார்.

“நான்தாம்மா பேசறேன்” என்றார்.

“யாரு?” என்றது மறுமுனை. “குரல் தெரியலையே... யாருங்க?”